வேதியியல் கற்பித்தலை ஆராய்பவரின் தாக்கத்தை எப்படி அளப்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வடசென்னையில் ஒரு கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர். அவருடைய ஆய்வு புதுச் சேர்மங்கள் தயாரிப்பதில் இல்லை. இளநிலை மாணவர்கள் வேதியியலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவர் வேலை. இதுவரை 14 பேப்பர், கூகுள் ஸ்காலரில் எச்-இன்டெக்ஸ் 6. அதே துறையில் நானோ துகள் ஆய்வு செய்யும் நண்பருக்கு 21. பதவி உயர்வுக் கோப்பில் ஆய்வின் தாக்கம் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "என் வேலைக்குத் தாக்கமே இல்லையா சார்? இருந்தால் அதை எப்படிக் காட்டுவது?" என்று கேட்கிறார்.

மேடம், நான் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு தண்டையார்பேட்டை. ஆசிரியர்களுக்கு சைட்டேஷன் (அவர்கள் பேப்பரைப் பிறர் காட்டிய மேற்கோள்) எடுத்துக் கொடுப்பது, கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருவதற்கு முன்னால் பப்ளிகேஷன் பட்டியலை உட்கார்ந்து சரிபார்ப்பது, இதிலேயே பல வருடம் போயிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் 6-ஐயும் அவருடைய 21-ஐயும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. உங்கள் ஆய்வுக்குத் தாக்கம் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி சைட்டேஷன் விழாத இடத்தில், அதாவது வகுப்பறையில் நடக்கிறது. அதை நீங்களே தேடி எடுத்துத் தேதி போட்டுக் கோப்பில் வைத்தால்தான் உண்டு. எந்த மென்பொருளும் எடுத்துத் தராது.

எச்-இன்டெக்ஸ் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று பார்த்துவிடலாம். 2005-ல் ஹார்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு அது. குறைந்தது 6 மேற்கோளாவது வாங்கிய பேப்பர் உங்களிடம் 6 இருக்கிறது, ஏழாவது பேப்பருக்கு 7 சேரவில்லை என்பதுதான் உங்கள் எண்ணின் பொருள். ஒருவருக்கு ஐந்து பேப்பர் என்று வையுங்கள். மேற்கோள்கள் முறையே 60, 8, 4, 3, 1. மொத்தம் 76. எச்-இன்டெக்ஸ் 3. இன்னொருவருக்கும் ஐந்து பேப்பர், ஒவ்வொன்றுக்கும் 5 மேற்கோள். மொத்தம் 25தான். ஆனால் எச்-இன்டெக்ஸ் 5. முதல் ஆளின் அந்த 60 மேற்கோள் பேப்பர் ஒரு துறையையே திருப்பிப் போட்டிருக்கலாம். இந்த எண்ணில் அது தெரியவே தெரியாது. கற்பித்தல் ஆய்வில் இது அடிக்கடி நடக்கிறது. நல்ல வினாத்தாள் ஒன்று, நல்ல கருத்துச் சட்டகம் ஒன்று வந்துவிட்டால் எல்லோரும் அதையே எடுத்துக் காட்டுவார்கள். அதை எழுதியவரின் மற்ற பேப்பர்கள் அமைதியாகக் கிடக்கும்.

சரி, நானோ நண்பருக்கு ஏன் 21? அவர் திறமைசாலியாகவே இருக்கட்டும். அதோடு, அவர் நிற்கிற ஆறும் பெரியது. நானோ பொருட்கள் பற்றி உலகம் முழுக்க வருடத்துக்கு வந்து குவியும் பேப்பர்கள் ஏராளம். ஒவ்வொன்றின் பின்னாலும் நீளமான மேற்கோள் பட்டியல், ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர் பெயர். அத்தனை பட்டியலில் எங்காவது அவர் பெயர் விழும். வேதியியல் கல்வி ஆய்வு ஒரு வாய்க்கால்தான். அதற்கென்றே இருக்கிற இதழ்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஜர்னல் ஆஃப் கெமிக்கல் எஜுகேஷன் 1924-லிருந்து வருகிறது. கெமிஸ்ட்ரி எஜுகேஷன் ரிசர்ச் அண்ட் பிராக்டிஸ் 2000-ல் கிரேக்க நாட்டில் தொடங்கி, பிறகு பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி கைக்குப் போனது. இதற்கு அப்பால் பொதுவான அறிவியல் கல்வி இதழ்கள் சில. எழுதுகிற கைகளே குறைவு என்னும்போது மேற்கோள் எங்கிருந்து கொட்டும்?

வேகமும் வேறு. நண்பரின் பேப்பரைப் படித்த ஒருவர் அடுத்த மாதமே அதே துகளை வேறு வெப்பநிலையில் செய்து பார்த்து எழுதிவிடலாம். உங்கள் பேப்பரைப் படித்தவர் அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டும். புது பேட்ச் வர வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், ஒரு செமஸ்டர் பாடம் நடத்த வேண்டும், விடைத்தாள்களை உட்கார்ந்து பிரித்துப் படிக்க வேண்டும். அப்புறம்தான் எழுதவே ஆரம்பிப்பார். அது அச்சாகி உங்களுக்கு ஒரு சைட்டேஷன் வந்து சேர மூன்று நான்கு வருடம் ஆகிவிடும்.

இந்த வேக வித்தியாசம்தான் இம்பாக்ட் ஃபேக்டரில் உங்களை அடிக்கிறது. ஓர் இதழின் 2023-ம் வருட இம்பாக்ட் ஃபேக்டர் என்பது 2021-லும் 2022-லும் அதில் வந்த கட்டுரைகளுக்கு 2023-ல் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு வருடக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தது. இரண்டே வருட ஜன்னல். உங்கள் துறையின் மேற்கோள்களில் பெரும்பகுதி அந்த ஜன்னல் மூடிய பிறகுதான் வந்து நிற்கிறது. ஐந்து வருடக் கணக்கும் தனியாக வெளியிடுகிறார்கள். கோப்பில் இதழின் எண் கேட்டிருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள். 1964-ல் சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸைக் கொண்டுவந்து இந்த எண்ணும் தொழிலையே தொடங்கிவைத்த யூஜீன் கார்ஃபீல்ட் அடிப்படையில் வேதியியல் பட்டதாரி. வேதிப்பெயரைக் கொடுத்தால் மூலக்கூறு வாய்பாடு வருகிற மாதிரி ஒரு வழிமுறை அமைத்து அதற்கு முனைவர் பட்டம் வாங்கியவர். அவருக்கும் முன்னால், 1948-லேயே, நூலக வேலைகளைப் புள்ளியியல் கொண்டு அளக்க வேண்டும், அதற்கு லைப்ரமெட்ரி என்று பெயர் வைக்கலாம் என்று இங்கிலாந்தில் ஒரு மாநாட்டில் எழுந்து சொன்னவர் நம் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர். நூலகத்தை இன்னும் நன்றாக நடத்துவதற்காகத்தான் அவர் எண்ணச் சொன்னார். ஆளுக்கு ஆள் ரேங்க் போடுவதற்கு அல்ல. இந்த எண்களை வைத்து ஓர் ஆசிரியர் மனம் உடைந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

உங்கள் கோப்பை எடை போடப் போகிற விதியைப் பார்ப்போம். யுஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2018 விதிமுறைகளில் ஆய்வு மதிப்பெண்ணுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. அறிவியல் துறைக்காரர் எழுதும் பேப்பருக்கு 8 புள்ளி. மொழி, கலை, சமூக அறிவியல், கல்வியியல் போன்ற துறைகளுக்கு 10. நீங்கள் எழுதுவது கல்வி ஆய்வு, ஆனால் உட்கார்ந்திருப்பது வேதியியல் துறையில். அதனால் 8தான் போடுவார்கள். அதற்கு மேல் இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்துக் கூட்டுகிறார்கள். இம்பாக்ட் ஃபேக்டர் இல்லாத இதழுக்கு 5, ஒன்றுக்குக் கீழே என்றால் 10, ஒன்றிலிருந்து இரண்டு வரை 15, இரண்டிலிருந்து ஐந்து வரை 20, ஐந்திலிருந்து பத்து வரை 25, பத்துக்கு மேல் 30. இரண்டு பேர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். அதற்கு மேற்பட்டவர்கள் என்றால் முதல் ஆசிரியருக்கோ தொடர்புக்குரிய ஆசிரியருக்கோ 70, மற்றவர்களுக்குத் தலைக்கு 30. உங்கள் துறையின் நல்ல இதழ்களெல்லாம் ஐந்துக்குக் கீழேயே நிற்கிறவை. பத்தைத் தாண்டும் இதழ் உங்கள் உலகத்தில் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் எவ்வளவு நல்ல பேப்பர் எழுதினாலும் மேல் படிக்கு ஏறவே முடியாதபடி ஏணி அமைந்திருக்கிறது. இது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் அதே அட்டவணையில் பலர் கண்ணில் படாத வரிகள் இருக்கின்றன. புதுமையான கற்பித்தல் முறை உருவாக்கினால் 5 புள்ளி. புதுப் பாடத்திட்டமோ பாடமோ வடிவமைத்தால் ஒவ்வொன்றுக்கும் 2. மின்பாடங்களுக்குத் தனியாக இருக்கிறது. உங்கள் வேலையே அதுதானே! ஆய்வுக்காக உருவாக்கிய பாடத்தைப் பேப்பர் என்று மட்டும் காட்டிவிட்டு இந்த வரிகளைக் காலியாக விட்ட கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பாடத்திட்டத்தை முடிவு செய்யும் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட்டத்தின் மினிட்ஸ் நகல் ஒன்றை இணைத்தால் போதும், கேட்டு வாங்கி வையுங்கள். இன்னொன்று, எந்த இதழ் செல்லும் என்பதற்கு வழிகாட்டியாக இருந்த யுஜிசி கேர் பட்டியலை 2025 தொடக்கத்தில் கைவிட்டுவிட்டார்கள். உங்கள் பழைய பேப்பர் வெளிவந்த வருடத்தில் அந்த இதழ் பட்டியலில் இருந்தது என்பதற்கு அத்தாட்சி கையில் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எண்ணைச் சரியாக எடுப்பது. முதல் வேலை, உங்கள் பெயர். நம் தமிழ்ப் பெயர்கள் இந்தத் தரவுத்தளங்களில் படும் பாடு தனிக்கதை. நமக்கு அப்பா பெயர் இனிஷியல். வெள்ளைக்காரர் மென்பொருளுக்கு எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்றே புரியாது. ஒரே ஆள் ஒரு பேப்பரில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் கணவர் பெயரோடு. மூன்றும் மூன்று ஆளாகப் பதிவாகிவிடும். ஒருமுறை ஓர் ஆசிரியைக்கு ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் நான்கு புரொஃபைல் இருந்ததைக் கண்டுபிடித்தோம். அதில் ஒன்றில் வேறு மாநிலத்து விலங்கியல்காரர் ஒருவரின் ஒன்பது பேப்பர் கலந்திருந்தது. நான்கையும் சேர்த்து, அந்த ஒன்பதையும் நீக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தால் எண்ணே வேறு. இரண்டு வாரம் பிடித்தது. அவர் முதலிலேயே ஆர்சிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் அடையாள எண்) எடுத்து ஒவ்வொரு பேப்பரிலும் கொடுத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. 16 இலக்கம், இலவசம், 2012-லிருந்து இருக்கிறது. இன்றைக்கே எடுங்கள். கூகுள் ஸ்காலர் பக்கத்திலும் வேறு யாருடைய பேப்பராவது உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். பிறர் கண்டுபிடித்துச் சொல்லும் நிலை வரக் கூடாது.

எந்தத் தரவுத்தளம் என்பதும் முக்கியம். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களிலிருந்து வரும் மேற்கோளை மட்டும் எண்ணுகின்றன. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, புத்தக அத்தியாயம் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொள்கிறது. அதனால் எண் பெரிதாக வரும், குப்பையும் கொஞ்சம் வரும். கல்வி ஆய்வில் புத்தகமும் ஆய்வேடும் நிறைய என்பதால் உங்களுக்கு ஸ்காலர் கணக்குதான் உண்மைக்குப் பக்கம். இரண்டு எண்ணையும் கொடுங்கள், எந்தத் தேதியில் எடுத்தது என்றும் எழுதுங்கள். சுயமேற்கோளைக் கழித்த எண்ணையும் நீங்களாகவே சேர்த்துவிடுங்கள். கோப்பைப் படிப்பவருக்கு அதிலேயே உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிடும்.

துறை வேறுபாட்டைச் சரிக்கட்டிய ஓர் அளவும் ஸ்கோபஸில் உண்டு. அதே துறை, அதே வருடம், அதே வகைக் கட்டுரையின் உலக சராசரியோடு உங்கள் பேப்பரை ஒப்பிட்டு ஓர் எண் தருவார்கள். 1 என்றால் சராசரி, 1.5 என்றால் சராசரியைவிட ஒன்றரை மடங்கு. எச்-இன்டெக்ஸைவிட இது உங்களுக்கு எவ்வளவோ மேல். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜர்னல் ஆஃப் கெமிக்கல் எஜுகேஷன் வேதியியல் என்ற பிரிவிலும் இருக்கிறது, கல்வி என்ற பிரிவிலும் இருக்கிறது. அங்கே வருகிற உங்கள் பேப்பரின் ஒரு கால் பெரிய ஆற்றில் நிற்கிறது. அதே இதழ் வேதியியல் பட்டியலில் எங்கோ நடுவில் இருக்கும், அறிவியல் கல்விப் பட்டியலில் மேலே ஏறி நிற்கும். குவார்ட்டைல், அதாவது பட்டியலை நான்காகப் பிரித்தால் இதழ் எந்தக் கால்பகுதியில் வருகிறது என்று, எழுதச் சொன்னால் எந்தப் பிரிவில் என்பதையும் கூடவே எழுதுங்கள். எது உங்கள் துறை என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ட்விட்டரில் எத்தனை பேர் பகிர்ந்தார்கள், உலகத்தின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் பெயர் வந்ததா என்பதெல்லாம் உங்கள் விஷயத்தில் நேரம் செலவழிக்கத் தகுந்தவை அல்ல. விட்டுவிடலாம்.

எண்ணுவது இதோடு போதும். இனி படிக்க வேண்டும். உங்களுக்கு வந்த மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உங்கள் பெயர் வருகிற பத்தியைப் படியுங்கள். மேற்கோள் குறைவு என்பது இந்த விஷயத்தில் உங்களுக்கு வசதி, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். 1975-ல் மொராவ்சிக், முருகேசன் என்ற இருவர் இயற்பியல் பேப்பர்கள் முப்பதை எடுத்து அதிலுள்ள மேற்கோள்களை இப்படி ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார்கள். ஐந்தில் இரண்டு பங்கு வெறும் சம்பிரதாயத்துக்குப் போட்டவை, ஏழில் ஒரு பங்கு மறுப்பதற்காகப் போட்டவை என்று தெரிந்தது. நீங்களும் அப்படிப் பிரியுங்கள். "இவரும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்" என்று கூட்டத்தோடு கூட்டமாக அடைப்புக்குறிக்குள் போட்டவர்கள் ஒரு பக்கம். உங்கள் வினாத்தாளை எடுத்துத் தன் மாணவர்களிடம் பயன்படுத்தியவர்கள், உங்கள் முடிவு தங்கள் ஊரில் செல்லுமா என்று சோதித்துப் பார்த்தவர்கள், உங்களோடு வாதாடியவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாம் பக்கத்தில் ஐந்து பேர் இருந்தாலே அது பெரிய விஷயம். "எனக்கு இத்தனை மேற்கோள்" என்பதைவிட, "நான் தயாரித்த வினாத்தாளைப் பயன்படுத்தி இத்தனை ஆய்வுகள் நடந்திருக்கின்றன, அவற்றில் இன்னது கண்டுபிடிக்கப்பட்டது" என்ற வாக்கியத்துக்குக் கனம் அதிகம்.

அடுத்தது வகுப்பறை. எனக்கு இதில் ஆசை அதிகம், ஏனென்றால் ஒருமுறை நேரிலேயே பார்த்தேன். எங்கள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தலில் அக்கறையுள்ள ஓர் ஆசிரியை இருந்தார். படங்களை நகல் எடுக்க நூலகத்துக்கு வருவார். ஒருநாள் என்னையும் லேபுக்குக் கூட்டிப் போனார். முதலாம் ஆண்டு, தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் பாதிக்கு மேல். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் வைத்துத் தரம்பார்த்தல் நடக்கிறது. காசிமேட்டிலிருந்து வருகிற ஒரு பெண், பியூரெட்டைப் பிடித்திருந்த கை நடுங்கவில்லை. ஃபீனால்ப்தலீனின் இளஞ்சிவப்பு நிறம் வந்த அந்த ஒரு சொட்டில் நிறுத்தினாள். மூன்று அளவீடும் ஒன்றுபோல வந்தது. கணக்கும் சரி. பத்துக்குப் பத்து.

ஆசிரியை அவளிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "இப்போ இந்தக் குடுவைக்குள்ள என்ன இருக்கு, கண்ணுக்குத் தெரியாத அளவுல, வரைஞ்சு காட்டும்மா" என்றார். அந்தப் பெண் ஒரு பெரிய வட்டத்துக்குள் ஒட்டிக்கொண்ட ஜோடிகளாகச் சோடியத்தையும் குளோரினையும் வரைந்தாள். எல்லா ஜோடியும் கீழே படிந்திருந்தன. தண்ணீர் என்று எதுவுமே வரையவில்லை. அயனிகள் தனித்தனியாக நீர் மூலக்கூறுகளுக்கு நடுவே திரிகின்றன என்பது அவளுக்குள் போகவே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். அன்றைக்கு அந்த வகுப்பில் முக்கால்வாசித் தாள்களில் அதே ஜோடிகள்தான்.

கணக்கு வரும், கருத்து வராது என்ற இந்த விஷயத்தை 1987-ல் நரன்பெர்ன், பிக்கரிங் இருவரும் ஜர்னல் ஆஃப் கெமிக்கல் எஜுகேஷனில் எழுதினார்கள். ஏன் அப்படி என்பதற்கு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டோன் ஒரு முக்கோணம் போட்டுக் காட்டினார். கண்ணால் பார்ப்பது ஒரு முனை, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒரு முனை, குறியீடும் சமன்பாடும் ஒரு முனை. நாம் வகுப்பில் மூன்றுக்கும் நடுவே சொல்லாமல் கொள்ளாமல் தாவிக்கொண்டே இருக்கிறோம், மாணவர் எந்த முனையில் நிற்கிறோம் என்றே தெரியாமல் தவிக்கிறார். எந்த நாட்டு வேதியியல் கல்வி ஆய்வாளரைக் கேட்டாலும் இந்த முக்கோணம் தெரியும். வரைந்து காட்டச் சொல்கிற இந்தப் பழக்கம் அந்தக் கருத்திலிருந்து கிளம்பி, பெயர் தெரியாத எத்தனையோ ஆசிரியர்கள் வழியாக நம் வடசென்னை லேப் மேஜைக்கு வந்திருக்கிறது. அந்த ஆசிரியை ஜான்ஸ்டோனை எங்கும் மேற்கோள் காட்டவில்லை. ரெக்கார்டு நோட்டில் யார் மேற்கோள் போடுகிறார்கள்? ஆனால் அந்தத் தாக்கத்தை நான் கண்ணால் பார்த்தேன். அடுத்த மாதம் அதே பெண் வரைந்த படத்தில் ஜோடிகள் பிரிந்திருந்தன.

உங்கள் ஆய்வின் தாக்கமும் இப்படித்தான் எங்கோ நடந்துகொண்டிருக்கும். அதைப் பிடிக்க வழி உண்டு. இரண்டடுக்கு வினாக்கள் உங்களுக்குத் தெரிந்ததுதான். டேவிட் டிரெகஸ்ட் 1988-ல் விளக்கிய முறை. முதல் அடுக்கில் விடை, இரண்டாம் அடுக்கில் அந்த விடைக்கான காரணம். பாடத்துக்கு முன்னும் பின்னும் அதைக் கொடுங்கள். முன்னேற்றத்தைக் கணக்கிட, இயற்பியல் வகுப்புகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து 1998-ல் ரிச்சர்ட் ஹேக் காட்டிய வழி எளிது. வகுப்பின் சராசரி முன்பு 40, பின்பு 70 என்றால் ஏறியது 30. ஏறுவதற்கு இருந்த இடம் 60. ஆகவே 0.5. இன்னொரு வகுப்பு 80-லிருந்து 90-க்குப் போனாலும் அதே 0.5தான். அரசுப் பள்ளியிலிருந்து வருகிற பிள்ளைகளைப் பெரிய பள்ளிப் பிள்ளைகளோடு இறுதி மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒப்பிடும் அநியாயம் இதில் குறைகிறது. ஆனால் உங்கள் முறையைப் பயன்படுத்தாத வகுப்பின் எண்ணும் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எது உங்களால் வந்தது, எது செமஸ்டர் போன போக்கில் தானாக வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மற்ற கல்லூரி ஆசிரியர்கள் உங்கள் பயிற்சித்தாளை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பயன்படுத்தியிருப்பார்கள். அவர்களிடம் ஆளுக்கு ஒரு கடிதம் வாங்குங்கள். பாராட்டுக் கடிதம் வேண்டாம், அதை யாரும் படிப்பதில்லை. எந்த வருடம், எந்தப் பாடம், எத்தனை மாணவர், உங்கள் தாளில் எதை மாற்றினார், எது வேலை செய்யவில்லை, இவ்வளவும் இருந்தால் அரைப் பக்கம் போதும். எது வேலை செய்யவில்லை என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். அது இருப்பதால்தான் மற்ற வரிகளை நம்புவார்கள். பிரிட்டனில் 2014-ல் ஆய்வுத் தரத்தை மதிப்பிட்டபோது, பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஏற்பட்ட தாக்கத்துக்கு 20 சதவீதம் ஒதுக்கினார்கள். ஒவ்வொரு தாக்கத்தையும் ஆதாரத்தோடு ஒரு வரலாறாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அப்போது சொந்த நிறுவனத்துக்குள் கற்பித்தலில் நடந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. 2021-ல் ஒதுக்கீட்டை 25 சதவீதமாக்கியதோடு அதையும் சேர்த்துக்கொண்டார்கள். உங்களைப் போன்றவர்களின் வேலைக்கு அங்கே ஒரு கதவு திறந்தது. இங்கே நம் கோப்பில் அப்படி ஒரு கட்டம் இல்லைதான். ஆனால் இரண்டு பக்கம் எழுத இடம் கொடுத்திருக்கிறார்களே, அந்த இடம் இதற்குத்தான்.

தமிழில் செய்ததை மறைக்காதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழில் பயிற்சித்தாள் போட்டேன், பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன், ஆனால் அது இன்டர்நேஷனல் இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள். 2015-ல் நேச்சர் இதழில் வந்த லைடன் அறிக்கை ஆய்வு மதிப்பீட்டுக்குப் பத்து நெறிகள் சொல்கிறது. அதில் ஒன்று, அந்தந்த மண்ணுக்குத் தேவையான ஆய்வின் தரத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பது. எண்கள் அறிஞர்களின் மதிப்பீட்டுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் முதல் நெறியே. அதற்கு முன்பே, 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனம், ஒரு கட்டுரையின் தரத்தை இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைக் கொண்டு சொல்லாதீர்கள் என்று நேராகவே கேட்டுக்கொண்டது. இரண்டையும் உங்கள் பக்கத்தில் ஒரே வரியில் குறிப்பிடுங்கள், போதும். வாதாட வேண்டாம்.

நம் மண்ணுக்குத் தேவை என்னும்போது எனக்கு எண்ணூர்தான் நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நம் கல்லூரிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஹேபர் முறையில் அமோனியா எப்படித் தயாராகிறது, எந்த வினையூக்கி என்று கேட்டால் கடகடவென்று எழுதுவார்கள். அன்றைக்கு ஈரத்துணியை மூக்கில் வைக்கச் சொன்னது ஏன் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். அமோனியா தண்ணீரில் மிக எளிதாகக் கரையும், கரைந்தால் காரமாகும், கண்ணில் இருக்கும் ஈரத்திலும் அதுதான் நடக்கிறது, அதனால்தான் எரிகிறது, அதனால்தான் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியைப் பிள்ளைகள் தாங்களே கோத்துச் சொல்லும்படி ஒரு பாடம் வடிவமைத்து, அது வேலை செய்கிறதா என்று நீங்கள் ஆராய்ந்தால், அதற்கு ஸ்கோபஸில் எத்தனை மேற்கோள் விழும்? அதிகம் விழாது. ஆனால் திருவொற்றியூர், எண்ணூர், மணலி வீடுகளுக்குள் அந்த அறிவு பிள்ளைகளோடு போகும். ஆய்வின் தாக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். கோப்பைப் படிக்கிறவரும் ஆசிரியர்தான், அவருக்கும் இது புரியும்.

ஆகவே அந்த இரண்டு பக்கத்தை இப்படி எழுதிப் பாருங்கள். முதல் பத்தியில் எண்கள், எல்லாம் உங்கள் துறைக்குள்ளேயே ஒப்பிட்டு, தேதியோடு. நானோ நண்பரைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், அவர் வேலையைக் குறைத்துக் காட்டவும் வேண்டாம். அதன் பிறகு உங்கள் பேப்பர்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பதினான்கையும் இழுக்காதீர்கள். ஒவ்வொன்றும் எந்தச் சிக்கலைக் கண்டுபிடித்தது, அதை யார் எடுத்துப் பயன்படுத்தினார்கள், எந்தப் பாடத்திட்டத்தில் நுழைந்தது, எத்தனை மாணவர்களைத் தொட்டது, என்ன மாறியது. இதுவே ஒன்றரைப் பக்கம் வந்துவிடும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னிணைப்பில் ஒரு தாள் இருக்க வேண்டும். தாள் இல்லாத வாக்கியத்தை எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். செமஸ்டர் முடிந்ததும் பழைய விடைத்தாள்களையும் படத்தாள்களையும் எடைக்குப் போட்டுவிடும் வழக்கம் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் வரைந்த தாள்களைப் போட்டுவிடாதீர்கள். பெயரை மறைத்து, மேல் மூலையில் தேதியும் பேட்சும் எழுதி, முன்னது பின்னது என்று இரண்டு கட்டாகக் கட்டி வையுங்கள். உங்கள் நூலகரிடம் ஒரு அலமாரித் தட்டு கேட்டால் மறுக்க மாட்டார்.